இயங்குதளம் ஏட்டுப் பாடமல்ல

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிடமும் அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களிடமும் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இயங்குதளம் ஒரு ‘தியரி பேப்பர்’ என்பதே அது. நிரல் மொழிகளைக் கையால் எழுதிப் பழகலாம், தரவுத்தளத்தை நிறுவிப் பார்க்கலாம். இயங்குதளத்தையோ முதலில் கருத்தளவில் படித்து முடிக்க வேண்டும், கெர்னலைத் தொடுவது பிற்காலத்தில் அந்தத் துறைக்கே போகிறவர்களின் வேலை என்கிறார்கள். இதற்கு ஒரு காரணமும் சொல்லப்படுகிறது: தத்துவங்கள் நிலையானவை, நிரல் மாறிக்கொண்டே இருப்பது, நிலையானதை வகுப்பறையில் கற்பிப்போம், மாறுவதை வேலைக்குப் போகிற இடத்தில் பழகிக்கொள்ளட்டும். கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறான பேச்சு. இயங்குதளத் தத்துவம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நெருக்கடிக்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடை. நெருக்கடியை நீக்கிவிட்டு விடையை மட்டும் கற்பித்தால் மாணவருக்குக் கிடைப்பது வரையறைகளின் பட்டியல்தான். அந்த நெருக்கடியோ, ஓடுகிற ஓர் இயங்குதளத்துக்குள் கை வைத்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியோடு இந்த விவாதத்தை முடித்துவிடலாம்தான். ஆனால் என் வாதம் அதுவல்ல. ஏட்டில் இருப்பது சுரைக்காய்தான் என்பதையாவது அந்தப் பழமொழி ஒப்புக்கொள்கிறது. நம் பாடத்திட்டங்களில் தத்துவம் என்ற பெயரில் இருப்பது பல இடங்களில் தத்துவமே அல்ல என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஷெட்யூலிங்கை எடுத்துக்கொள்வோம். “ஆய்வகம்தான் இருக்கிறதே, செய்முறைக்கு என்ன குறை?” என்று கேட்பவர்கள், அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளின் ஆய்வகக் கையேட்டில் இருப்பது ஒரு சி நிரல். எத்தனை பிராசஸ் என்று கேட்கும். ஒவ்வொன்றின் ‘பர்ஸ்ட் டைம்’ என்ன என்று கேட்கும். மாணவர் 5, 3, 8 என்று தட்டுவார். வந்த வரிசையில் ஓட்டினால் சராசரிக் காத்திருப்பு 4.33, சிறியதை முதலில் ஓட்டினால் 3.67 என்று நிரல் அச்சிடும். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஷெட்யூலிங் முடிந்தது. இதில் பிராசஸ் எங்கே? டைமர் இன்டரப்ட் எங்கே? ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தி வேறொன்றை ஓட்டிய இடம் எங்கே? மூன்று எண்களை வரிசைப்படுத்திச் சராசரி எடுத்ததைத் தவிர அங்கே எதுவும் நடக்கவில்லை.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு பிராசஸ் இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்பது பொதுவாக எந்த ஷெட்யூலருக்கும் முன்கூட்டியே தெரியாது. தெரியாமல் முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் ஷெட்யூலிங்கின் முழுச் சிக்கலும். கடந்தகால ஓட்டத்தை வைத்து ஊகிக்கலாம் என்று பாடநூல்கள் ஒரு சூத்திரம் தருவது உண்மைதான். தேர்வில் அந்தச் சூத்திரமும் கணக்காகவே வருகிறது. லினக்ஸ் 2007இல் ஏற்ற சி.எஃப்.எஸ். ஷெட்யூலரும், 2023இல் அதன் இடத்துக்கு வந்த ஈ.ஈ.வி.டி.எஃப். ஷெட்யூலரும் யாரிடமும் பர்ஸ்ட் டைம் கேட்பதில்லை. கிடைக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. பேங்கர்ஸ் அல்காரிதமும் இதே கதைதான். ஒவ்வொரு பிராசஸும் தனக்கு அதிகபட்சம் என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே அறிவித்துவிடும் என்ற நிபந்தனையின் மேல் அது நிற்கிறது. ஆண்டு தவறாமல் தேர்வில் வருகிறது. நாம் அன்றாடம் புழங்கும் விண்டோஸோ லினக்ஸோ டெட்லாக்கைத் தவிர்க்க அதை நம்பியிருக்கவில்லை. கெர்னல் எழுதுபவர்கள் எந்த லாக்கை எதற்கு முன் எடுப்பது என்ற வரிசை ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த ஒழுங்கு மீறப்படுகிறதா என்று கண்காணிக்க லினக்ஸில் லாக்டெப் என்ற கருவியே இருக்கிறது. எல்.ஆர்.யு. பக்க மாற்றீட்டுக் கணக்கில் ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்போது தொடப்பட்டது என்பது துல்லியமாகத் தெரியும். நிஜ வன்பொருளோ ‘தொடப்பட்டது’ என்று ஒரே ஒரு பிட்டைத்தான் வழக்கமாகத் தருகிறது. அந்த ஒற்றை பிட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பொறியியல். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். அறியாமையில் முடிவெடுக்கும் கலையை, எல்லாம் அறிந்தவரின் கணக்காக மாற்றிக் கற்பிக்கிறோம். நிலையான தத்துவம் என்று இவர்கள் காக்கத் துடிப்பது இதைத்தான்.

இந்தத் தியரிப் பழக்கம் கல்விச் சிந்தனையிலிருந்து மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1976-77இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக் கெர்னலின் மூலநிரலை வகுப்பில் வைத்து, அதற்கு வரி வரியாக உரை எழுதிக் கற்பித்தார். பத்தாயிரத்துக்கும் குறைவான வரிகள்; ஒரு மாணவர் ஒரு பருவத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவு. அந்த அளவில் ஒரு நிஜமான, உலகம் பயன்படுத்திக்கொண்டிருந்த இயங்குதளம் கிடைத்தது கல்விக்குக் கிடைத்த பேறு. பிறகு ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று ஏ.டி.&டி. நிறுவனத்தின் உரிமம் தடுத்தது. லயன்ஸின் உரை நகலின் நகலாகக் கைமாறிக் கைமாறிப் பரவியது; முறைப்படி அச்சில் வெளியானது 1996இல்தான். உரிமத் தடைக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் யூனிக்ஸைக் கைவிட்டு வெறும் கோட்பாட்டைக் கற்பிக்கத் தொடங்கின என்று ஆம்ஸ்டர்டாமின் விரிஜே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம் தம் மினிக்ஸ் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். அவர் சுட்டிய விளைவும் முக்கியமானது: ஷெட்யூலிங் போல எழுதப்பட்ட கோட்பாடு நிறைய உள்ள பகுதிகள் பாடத்தில் ஊதிப் பெருத்தன, கோட்பாடு குறைவான, ஆனால் நடைமுறையில் கனமான உள்ளீடு-வெளியீடும் கோப்பு முறைமையும் சுருங்கின. நம் வினாத்தாள்களின் மதிப்பெண் பகிர்வைப் பார்த்தால் இந்தக் கோணல் அப்படியே தெரியும். வழக்கறிஞர்கள் எழுதிய ஒரு நிபந்தனையின் மிச்சத்தைக் கல்விக் கொள்கை என்று நாம் போற்ற வேண்டியதில்லை. டானன்பாம் செய்தது வேறு: தடையைச் சுற்றிக்கொண்டு, மாணவர்கள் படிப்பதற்கென்றே 1987இல் மினிக்ஸை எழுதி, மூலநிரலை நூலிலேயே அச்சிட்டுத் தந்தார். அதைப் படித்து, அதை ஓட்டிப் பார்த்த ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதினார். அந்த நூலைப் படித்த எல்லோரும் டோர்வால்ட்ஸ் ஆகவில்லை என்று பதில் வரலாம். ஆக வேண்டியதும் இல்லை. திறந்து பார்க்கக்கூடிய ஓர் இயங்குதளம் கையில் இருந்தது என்பதே இங்கே நான் சுட்டுவது.

கை வைத்தால் மட்டுமே தெரியும் என்று சொன்னதற்கு ஓர் உதாரணத்தை அருகில் சென்று பார்ப்போம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006இல் கற்பித்தலுக்காக உருவாக்கப்பட்ட எக்ஸ்வி6, அதே யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் வார்ப்பில் புதிதாக எழுதப்பட்ட சிறிய இயங்குதளம். அதில் மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று காப்பி-ஆன்-ரைட். ஃபோர்க் அழைப்பு ஒரு பிராசஸை அப்படியே நகலெடுத்து இன்னொன்றை உண்டாக்குகிறது. புதிய பிராசஸோ பெரும்பாலும் அடுத்த கணமே வேறொரு நிரலை ஏற்றிக்கொண்டு, நகலெடுத்த நினைவகத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே நகலெடுப்பதைத் தள்ளிப்போடுவோம். இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளட்டும், அவற்றை ‘படிக்க மட்டும்’ என்று குறித்துவைப்போம். யாராவது எழுத முயன்றால் பேஜ் ஃபால்ட் வரும், அப்போது அந்த ஒரு பக்கத்தின் 4,096 பைட்டை மட்டும் நகலெடுப்போம். ஐந்து மதிப்பெண் விடை இத்தோடு முடிந்துவிடும். குறை சொல்ல முடியாத விடை. இதை நிரலாக எழுதும் மாணவருக்கு எளிய சோதனைகள் நன்றாகவே ஓடும். குழந்தைப் பிராசஸ் ஒரு பைப்பிலிருந்து தன் நினைவகத்துக்குள் தரவைப் படிக்கும்போதுதான் கோளாறு தலைகாட்டும். காரணம் இதுதான்: அங்கே எழுதுவது பயனர் நிரல் அல்ல, அதன் சார்பாகக் கெர்னல். எக்ஸ்வி6 கெர்னல், பயனரின் பக்க அட்டவணையை மென்பொருளாலேயே நடந்து பார்த்து, நிஜ நினைவக முகவரியைக் கண்டுபிடித்து, தன் சொந்த அட்டவணை வழியாக எழுதுகிறது. கெர்னலின் அட்டவணையில் அந்தப் பக்கத்துக்கு எழுதத் தடையே இல்லை. ஆகவே பேஜ் ஃபால்ட் வராது. அந்த இடத்தைத் தனியே கவனித்து எழுதாவிட்டால், பகிர்ந்த பக்கம் பெற்றோர் பிராசஸுக்கும் சேர்த்து மாறிப்போகும், அல்லது அழைப்பே தோற்கும்.

இந்தக் கோளாறைத் தேடிப் பிடிக்கும் மாணவர் கற்றுக்கொள்வது எக்ஸ்வி6இன் ஒரு சில்லறை விவரத்தையா? இல்லை. பாதுகாப்பு என்பது நினைவகத்தின் குணமல்ல, அதை அடையும் வழியின் குணம் என்பதைக் கற்றுக்கொள்கிறார். ஒரே பக்கத்துக்கு இரண்டு வழிகள் இருந்தால் இரண்டையும் காக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறார். எந்த இயங்குதளத்துக்கும் எந்த வன்பொருளுக்கும் பொருந்துகிற தத்துவம் இது. ஐந்து மதிப்பெண் விடையில் இதற்கு இடமே இல்லை. 2016இல் அம்பலமான ‘டர்ட்டி கவ்’ என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை இதே நிலத்தில்தான் முளைத்தது: காப்பி-ஆன்-ரைட் பக்கம் ஒன்றில் ஒரு பிராசஸின் சார்பாகக் கெர்னல் எழுதும் பாதையில் இருந்த நேரப் பந்தயம் (ரேஸ் கண்டிஷன்). சாதாரணப் பயனர் ஒருவர், தாம் படிக்க மட்டுமே அனுமதி பெற்ற கோப்பை அதன் வழியே மாற்றிவிட முடிந்தது. 2007 முதல் அது கெர்னலில் இருந்திருக்கிறது. காப்பி-ஆன்-ரைட்டின் வரையறை தெரியாத யாரும் அந்த நிரலை எழுதியிருக்க மாட்டார்கள்; வரையறைக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு நாள் அடைபடாமலே கிடந்தது.

பிராசஸைத் தூங்கவைக்கும் ஸ்லீப், எழுப்பும் வேக்கப் பற்றியும் இப்படியே விரிவாகச் சொல்லலாம், சுருக்கமாக ஒன்று. தரவு இல்லை என்று பார்த்த பிராசஸ் தூங்கப் போகிறது. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் இடையில் இன்னொரு சி.பி.யு.வில் ஓடும் பிராசஸ் தரவைப் போட்டுவிட்டு எழுப்பிப் பார்க்கிறது. தூங்குபவர் யாருமில்லை என்று போய்விடுகிறது. பிறகு முதலாவது தூங்குகிறது, எழுப்ப ஆளே இல்லை. எக்ஸ்வி6இன் ஸ்லீப் ஏன் ஒரு லாக்கையும் கையோடு வாங்கிக்கொள்கிறது என்ற கேள்விக்கு இதுதான் விடை. செமஃபோரின் வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது. வரையறையில் அந்த இடைவெளி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது.

மறுப்பாளர்களின் கனமான வாதத்துக்கு வருவோம். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்பது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் நிலைப்பாடு. நேரப் பந்தயப் பிழைகள் ஆயிரம் முறை ஓட்டினாலும் வராமல் ஆயிரத்தோராவது முறை வரலாம்; ஓட்டிப் பார்த்துக் கற்பவர் “ஓடுகிறதே” என்று திருப்தியடைந்துவிடுவார், நிரூபித்துக் கற்பவர்தான் உண்மையில் கற்கிறார் என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். ஓடியது என்பது சரியானது என்பதற்குச் சான்றல்ல. எக்ஸ்வி6ஐக் கொடுத்துவிட்டு, சோதனைகள் தேறினால் முழு மதிப்பெண் என்று விட்டுவிடும் வகுப்பு நல்ல வகுப்பல்ல. ஆனால் டைக்ஸ்ட்ராவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், செமஃபோர் எங்கே பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எலக்ட்ராலாஜிகா எக்ஸ்8 என்ற குறிப்பிட்ட ஒரு கணினியில் பல வேலைகளை ஒன்றாக ஓட்டும் முறைமையைக் கட்டும் முயற்சியில், அதன் இன்டரப்ட்களோடு மல்லுக்கட்டிய மனிதரின் கண்டுபிடிப்பு அது. ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவருடைய சிறு குழு கட்டிய அந்த முறைமை பற்றிய கட்டுரை 1968இல் வெளிவந்தது. நிரூபணம் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதமே கட்டும்போது பட்ட பாட்டிலிருந்து வந்தது. நிரூபிக்க வேண்டியது எது என்று தெரிய, முதலில் எது உடையும் என்று தெரிய வேண்டும்.

செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் கலத்தையும் கோட்பாட்டின் வெற்றியாகக் காட்டுவதுண்டு. 1997 ஜூலை 4இல் அது தரையிறங்கியது. சில நாட்களில் அதன் கணினி அவ்வப்போது தானாக மீளத் தொடங்கியது. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு லாக்கைப் பிடித்திருக்கும். நடுத்தர முன்னுரிமைப் பணிகள் அதை ஓடவிடாமல் சி.பி.யு.வை எடுத்துக்கொள்ளும், அந்த லாக்குக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்துக் கிடக்கும், அது குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்டதும் கலம் தன்னை மீளத் தொடக்கிக்கொள்ளும். இதற்கு முன்னுரிமை மரபு (பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்) என்ற தீர்வை ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகியோரின் 1990ஆம் ஆண்டுக் கட்டுரை தெளிவாக அலசியிருந்தது. ஆகவே கோட்பாடு காப்பாற்றியது என்கிறார்கள். ஆம், காப்பாற்றியது. ஆனால் அந்தத் தீர்வு கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலேயே ஒரு சுவிட்சாக இருந்தது. அந்த லாக்குக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் ஒவ்வொரு பணி மாற்றத்தையும் பதிவு செய்தபடி ஓட்டி, கோளாறை மறுபடி வரவழைத்த பிறகுதான் பொறியாளர்களுக்குக் காரணம் புலப்பட்டது. பதிவைப் படிக்கக் கோட்பாடு வேண்டியிருந்தது. கோட்பாடு எந்த வரியில் பொருந்துகிறது என்று காட்டப் பதிவு வேண்டியிருந்தது. இரண்டில் முதலாவதை மட்டும் நான்கு மாதம் கற்பித்துவிட்டு இரண்டாவதை வேலையிடத்துக்குத் தள்ளிவிடுவது எந்தக் கணக்கில் நியாயம்?

லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது, அதை மாணவர் எப்படிப் படிப்பார் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. யாரும் அதைப் படிக்கச் சொல்லவில்லை. எக்ஸ்வி6 கெர்னல் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கும். விலை கிடையாது, கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். கெட்டுப்போனால் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு ஆடம்பரம் என்ற பேச்சும் எடுபடாது: சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ என்.பி.டி.இ.எல். வழியாக எக்ஸ்வி6ஐ வைத்தே இயங்குதளம் கற்பித்திருக்கிறார், மும்பை ஐ.ஐ.டி.யின் மைதிலி வுடுகுரு எழுதிய குறிப்புகள் எக்ஸ்வி6 விளக்கங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன, கோழிக்கோடு என்.ஐ.டி. எக்ஸ்போஸ் என்ற பயிற்சி இயங்குதளத்தையே உருவாக்கி வைத்திருக்கிறது.

“இவர்களில் எத்தனை பேர் கெர்னல் எழுதப் போகிறார்கள்? வலைச் செயலி எழுதுபவருக்கு இது எதற்கு?” என்பது அடுத்தது. ஒரு சின்னச் சோதனை போதும். பிரிண்ட்எஃப் மூலம் ஒரு வரியை அச்சிட்டு, உடனே ஃபோர்க் செய்கிற இரண்டு வரி சி நிரல். லினக்ஸ் திரையில் ஓட்டினால் அந்த வரி ஒரு முறை வரும். அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் கோப்பில் இரண்டு முறை இருக்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. திரைக்கு எழுதும்போது வரி முடிந்ததும் வெளியே போய்விடுகிறது. கோப்புக்கு எழுதும்போது அது பிராசஸின் சொந்த நினைவகத்தில் தேங்கி நிற்கிறது, ஃபோர்க் அந்தத் தேக்கத்தையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறது. பதிவேட்டில் ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை விழுந்திருப்பதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் செயலி எழுத்தாளருக்கு இந்த அறிவு வேண்டாமா? பஃபர், பிராசஸ், நினைவக நகல் என்று மூன்று தனித்தனி அத்தியாயங்களில் படித்தவை ஒரே இடத்தில் மோதுவதை இப்படி ஓட்டிப் பார்க்காமல் எங்கே பார்ப்பார்? நிரலை இனி செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். எழுதித்தரப்பட்ட நிரல் திரையில் சரியாக ஓடும். கோப்பில் இரட்டிக்கும் என்று முன்னறிய ஆள் வேண்டும்.

நம் மாணவர்களுக்குச் சி மொழியே தடுமாற்றம், இது முதல்தரக் கல்லூரிகளுக்குத்தான் ஒத்துவரும் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாதம். தியரி மட்டும் நடத்தினால் எளிய மாணவருக்கு இலகு என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மை நேர்மாறு. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருபவரை அதிகம் வதைப்பது ஆங்கில வரையறைகளின் மனப்பாடம்தான். அதில் ஆங்கிலவழி மாணவர் எப்போதும் இரண்டடி முன்னால் நிற்பார். ஸ்ட்ரேஸ் கருவியைக் கொண்டு ஓர் எளிய கட்டளை எத்தனை சிஸ்டம் கால்களைச் செய்கிறது என்று பார்ப்பதற்கும், ஒரு லாக்கை நீக்கிவிட்டு முறைமை எங்கே உறைகிறது என்று தேடுவதற்கும் நல்ல ஆங்கில நடை வேண்டியதில்லை. கெர்னல் யாருடைய உச்சரிப்பையும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. சுட்டிகளில் தடுமாற்றம் என்றால், பக்க அட்டவணையை நடந்து பார்க்கும் இருபது வரி நிரலைவிடச் சுட்டிகளைப் புரியவைக்கும் பயிற்சி வேறு எது? ஆசிரியர்களுக்கே இதில் பழக்கமில்லை என்பது மட்டும் உண்மையான தடை. அதற்குப் பயிற்சியும், பாடச்சுமைக் குறைப்பும், ஒரு பருவ அவகாசமும் தர வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை.

நேரத்துக்கு எங்கே போவது என்றால், பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வட்டின் தலை 53ஆம் தடத்திலிருந்து எங்கெங்கு நகரும் என்று கூட்டிக்கொண்டிருக்கும் கணக்குகளை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். மாணவர்களின் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது தலையும் தடமும் இல்லாத எஸ்.எஸ்.டி. பேங்கர்ஸ் அல்காரிதத்தை ஒரு வகுப்பில் அறிமுகப்படுத்தலாம். பெலாடி முரண்பாடு போன்றவை காகிதத்திலேயே முழுமையாக விளங்குபவை. மூன்று சட்டத்தில் (ஃபிரேமில்) 9 ஃபால்ட், நான்கு சட்டத்தில் 10 ஃபால்ட் என்று போட்டுக் காட்டினால் முடிந்தது, அதற்கு இயந்திரம் தேவையில்லை. பர்ஸ்ட் டைம் கேட்கும் பயிற்சிகளை ஆய்வகத்திலிருந்து எடுத்துவிட்டால் பல வாரங்கள் மிஞ்சும். கடைசியாக நிற்பது தேர்வு: எழுத்துத் தேர்வில் இதை எப்படிச் சோதிப்பது என்கிறார்கள். எக்ஸ்வி6இன் ஸ்லீப்பை முப்பது வரிகளில் வினாத்தாளில் அச்சிடுங்கள், அதில் ஒரு லாக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு சி.பி.யு.க்களில் எந்த வரிசையில் எந்த வரிகள் ஓடினால் எந்தப் பிராசஸ் என்றென்றைக்கும் உறங்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பதினைந்து மதிப்பெண் கொடுங்கள். அந்த நிரலைத் தொட்டவர் எழுதுவார்.